டேங்க் மூடியைத் திறந்தால் 'புஸ்': காற்று உள்ளே போகிறதா, வெளியே வருகிறதா?

கேள்வி சுருக்கமாக இது. கார்புரேட்டர் வைத்த பழைய 350 சிசி வண்டி. டவுனுக்குள் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் தொந்தரவு இல்லை. பைபாஸில் ஏறி 70-இல் பிடித்தால் கால் மணி நேரத்தில் இழுவை குறைந்து, ரிசர்வ் விழுந்ததுபோல் மிஸ்ஸிங் அடித்து நின்றுவிடுகிறது. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து உதைத்தால், எதுவுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. மூடியைத் திறந்தால் 'புஸ்' என்று சத்தம். கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தாகிவிட்டது, பிளக்கும் புதிது. இப்போது மெக்கானிக் மூடியில் ஓட்டை போட்டுவிடலாம் என்கிறார். கூடவே இன்னொன்று: தம்பியின் புது எஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பம்ப் வைத்துப் பெட்ரோலைப் பீய்ச்சும்) வண்டியிலும் அதே சத்தம் வருகிறது, வெயிலில் நிறுத்தினால் பெட்ரோல் வாடை அடிக்கிறது. இரண்டும் ஒரே கோளாறுதானா?

ஒரே கோளாறு இல்லை. உங்கள் வண்டியில் வெளிக்காற்று டேங்குக்குள் போக வழியில்லை. தம்பி வண்டியில் உள்ளிருக்கும் ஆவி வெளியே வருகிறது. அதில் பாதி அந்த வண்டியின் இயல்பு, மீதி பெட்ரோல் பங்க்கில் நடக்கும் தவறாக இருக்கலாம். சத்தம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் 'ஏர் லாக்' என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறார்கள். அதனால்தான் பலருக்குத் தேவையில்லாமல் கார்புரேட்டர் கழற்றப்படுகிறது. மூடியில் ஓட்டை போட வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் வண்டி. டேங்கிலிருந்து பெட்ரோல் கார்புரேட்டருக்குத் தன் எடையால்தான் இறங்குகிறது, பம்ப் கிடையாது. டேங்கில் பெட்ரோல் நிற்கும் மட்டத்துக்கும் கார்புரேட்டர் கிண்ணத்துக்கும் (பெட்ரோல் தேங்கி நிற்கும் அடிப்பகுதி) இடையே 25 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். அந்த உயரம் தரும் அழுத்தம் சுமார் 1.8 கிலோபாஸ்கல்தான். வெளியே இருக்கும் காற்றின் அழுத்தமோ 101 கிலோபாஸ்கல். அதாவது டேங்குக்குள் அழுத்தம் வெளியே இருப்பதைவிட 2 சதவீதம் குறைந்தாலே பெட்ரோல் இறங்குவது நின்றுவிடும். மிகக் குறைந்த வித்தியாசம் இது; கையில் பிடித்துப் பார்த்தால் டேங்கில் எந்த மாற்றமும் தெரியாது.

இனி அந்த 2 சதவீதம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். லிட்டருக்கு 35 கி.மீ. தரும் வண்டி 70 கி.மீ. வேகத்தில் ஓடினால் மணிக்கு 2 லிட்டர், நிமிடத்துக்கு 33 மில்லி பெட்ரோல் குடிக்கிறது. எவ்வளவு பெட்ரோல் கீழே இறங்குகிறதோ அவ்வளவு காற்று மேலே உள்ளே வர வேண்டும். வராவிட்டால், டேங்கில் ஏற்கெனவே இருக்கும் காற்று அந்த இடத்தையும் சேர்த்து நிரப்ப விரிகிறது, அழுத்தம் இறங்குகிறது. டேங்கில் 5 லிட்டர் காலி இடம் இருந்து வழி முழுக்க அடைபட்டிருந்தால், 100 முதல் 175 மில்லி செலவானதுமே பெட்ரோல் நின்றுவிடும். பெட்ரோல் ஆவியாகிக் குறைந்த அழுத்தத்தைக் கொஞ்சம் ஈடுகட்டும் என்பதால்தான் இப்படி ஒரு வீச்சைச் சொல்கிறேன். நேரத்தில் சொன்னால் மூன்று முதல் ஐந்து நிமிடம். அதோடு கிண்ணத்தில் மிச்சம் இருக்கும் பெட்ரோல் தாங்கும் சிறிது நேரம்.

உங்கள் வண்டி ஐந்து நிமிடத்தில் நிற்கவில்லை, கால் மணி நேரம் ஓடுகிறது. டவுனில் நிற்பதே இல்லை. இதிலிருந்து ஒரு விஷயத்தை நிச்சயமாகச் சொல்லலாம்: வழி முழுக்க அடைபடவில்லை, குறுகியிருக்கிறது. டவுனில் 30, 35-இல் ஓடும்போது நிமிடத்துக்கு 15 மில்லி அளவுதான் செலவு. அந்த அளவு காற்று எப்படியோ கசிந்து வந்துவிடுகிறது. பைபாஸில் 33 மில்லி வேண்டும், அது வருவதில்லை. பற்றாக்குறை நிமிடத்துக்கு நிமிடம் சேர்ந்து, கால் மணி நேரத்தில் அந்த 2 சதவீதத்தைத் தொடுகிறது. நிறுத்திவிட்டால் அதே குறுகிய வழியாகப் பத்து நிமிடத்தில் காற்று மெல்ல நிரம்பிவிடுகிறது, வண்டி கிளம்புகிறது. வேகத்தைப் பொறுத்து நேரம் மாறும் இந்தக் குணம், டேங்குக்குக் காற்று விடும் மூச்சுத் துளை அடைப்பின் மிக நல்ல அடையாளம்.

இன்னொரு அடையாளமும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. டேங்க் முழுக்க நிரப்பிய நாளில் வண்டி சீக்கிரம் நிற்கும், பாதி டேங்கில் தாமதமாக நிற்கும். நிரம்பிய டேங்கில் அரை லிட்டர் காலி இடம்தான் இருக்கிறது என்றால், சில மில்லி செலவானதுமே அதே 2 சதவீதம் வந்துவிடும் அல்லவா? 'பெட்ரோல் போட்ட பங்க் சரியில்லை, போட்டதும் வண்டி நிற்கிறது' என்று புகார் சொல்பவர்களில் சிலருடைய வண்டியில் உண்மையில் நடப்பது இதுதான்.

ஆனால் இதே மாதிரி நின்று, ஆறியதும் கிளம்பும் கோளாறுகள் வேறும் உண்டு. சூடானால் மின்சாரம் அறுந்துபோகும் இக்னிஷன் காயில் (பிளக்குக்கு மின்பொறி தரும் சுருள்), பெட்ரோல் டேப்புக்குள் இருக்கும் வலை வடிகட்டியில் துரு சேர்வது, கிண்ணத்துக்குப் போகும் ஹோஸ் இன்ஜினோடு ஒட்டிச் சூடாகி உள்ளே ஆவிக்குமிழ் நிற்பது. காயில் போனால் பெரும்பாலும் திடீரென்று அணைத்ததுபோல் நிற்கும், முன்னறிவிப்பு இருக்காது. பெட்ரோல் பட்டினியில் முதலில் இழுவை குறையும், ஆக்சிலரேட்டர் திருகினால் இன்னும் மோசமாகும், குறைத்தால் கொஞ்ச தூரம் நொண்டிக்கொண்டு போகும். சோக் போட்டால் சில நொடி தேறும். நீங்கள் சொன்னது இரண்டாவது வகை.

மூடியைத் திறந்ததும் வண்டி ஓடுகிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம். டேப் வலை அடைத்திருந்தாலும், நீங்கள் நிறுத்திச் சாவி எடுத்து மூடி திறந்து மூடும் நேரத்தில் கிண்ணம் நிரம்பிவிடும், வண்டி ஓடும். இரண்டையும் பிரித்துக் காட்டும் சோதனை ஒன்று இருக்கிறது. வண்டி நன்றாக ஆறிய பிறகு, வீட்டுக்கு வெளியே திறந்த இடத்தில், பக்கத்தில் நெருப்போ சுவிட்சோ இல்லாத இடத்தில் செய்யுங்கள். டேங்க் ஏறக்குறைய நிரம்பியிருந்தால் நல்லது. கார்புரேட்டருக்குப் போகும் ஹோஸைக் கழற்றிப் பெட்ரோலுக்கான கேனில் விட்டு, மூடியை இறுகப் பூட்டிவிட்டு டேப்பைத் திறங்கள். மூச்சுத் துளை அடைந்திருந்தால் முதலில் நன்றாகப் பாய்ந்து, பிறகு நூலாக மெலிந்து, சொட்டுச் சொட்டாகிவிடும். அப்போது மூடியைத் திறந்தால் மறுபடி பாயும். ஆரம்பத்திலிருந்தே மெலிவாக வந்து, மூடி திறந்தும் மாறவில்லை என்றால் தவறு டேப் வலையில். முதலிலிருந்து கடைசிவரை ஒரே சீராகப் பாய்ந்தால் டேங்கை விட்டுவிட்டுக் காயிலைப் பாருங்கள். இது பத்து நிமிட வேலை. ஸ்கூட்டர்களிலும் வேறு சில வண்டிகளிலும் இன்ஜின் இழுத்தால் மட்டும் திறக்கும் வேக்குவம் டேப் இருக்கும். அவற்றில் அந்தச் சிறிய வேக்குவம் டியூபை மெதுவாக உறிஞ்சிப் பிடித்துக்கொண்டுதான் இதைச் செய்ய முடியும்.

சத்தம் எந்தப் பக்கம் என்று அறிய இன்னும் எளிய வழி: மூடியின் விளிம்பில் மெல்லிய டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். ஒட்டிக்கொண்டால் காற்று உள்ளே பாய்கிறது. விலகிப் பறந்தால் ஆவி வெளியே வருகிறது. பைபாஸில் ஓடி நின்ற உடனே செய்தால்தான் பொருள் உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுச் செய்தால் எந்த வண்டியிலும் வெளியேதான் வரும்.

அடைப்பு எங்கே இருக்கும்? உங்கள் வயது வண்டிகளில் காற்று வரும் வழி மூடிக்குள்ளேயே இருக்கிறது. மூடியின் உட்பக்கத்தில் சிறு துளை, அங்கிருந்து இரண்டு தகடுகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து போகும் பாதை, பிறகு பூட்டு ஓட்டை வழியாகவோ மேல்மூடியின் அடியிலோ வெளியே. பெட்ரோல் குலுங்கினாலும் தெறித்து வெளியே வரக்கூடாது என்பதற்காகத்தான் அந்த வளைவு. சில மூடிகளில் வண்டி விழுந்தால் துளையை அடைக்கும் சிறு குண்டும், உள்ளே காற்றை விடவும் அதிக அழுத்தத்தை வெளியேற்றவும் ஸ்பிரிங் வைத்த இரண்டு சிறு வால்வுகளும் உண்டு.

நான் பார்த்த அடைப்புகளில் பெரும்பாலானவை தானாக வந்தவை இல்லை, யாரோ ஒருவர் கையால் வந்தவை. முதல் இடம் ரெக்சின் டேங்க் கவருக்கு. பெயிண்ட் கீறல் விழாமல் இருக்க ஆசையாகத் தைத்துப் போடுகிறோம். அது மூடியின் மேல் இறுகப் படிந்து, மழையில் நனைந்ததும் காற்றுப் புகாத பிளாஸ்டிக் போலாகிவிடுகிறது. கவர் போட்டிருந்தால், வேறு எதையும் தொடாமல் அதைக் கழற்றிவிட்டு ஒரு நாள் பைபாஸில் ஓட்டிப் பாருங்கள். மூடியின் மேல் உட்காரும் டேங்க் பேக்கும் இப்படியே. அடுத்து வாட்டர் வாஷ். அதிக அழுத்தத் தண்ணீர் மூடி இடுக்கில் இருக்கும் மண்ணையும் பாலிஷ் மெழுகையும் துளைக்குள் திணித்துவிடும். பெட்ரோல் கசிகிறது என்று மூடிக்கு அடியில் கைக்குக் கிடைத்த ரப்பரை வெட்டி வாஷராக வைப்பது இன்னொன்று. அதில் துளை இருக்காது. டேங்குக்கு மறுபெயிண்ட் அடிக்கும்போது துளையில் புட்டியும் பெயிண்ட்டும் இறங்கியிருக்கும். துருவுக்காக உள்ளே கோட்டிங் ஊற்றிய டேங்குகளில் அந்தப் பிசினே, சில வண்டிகளில் மூடிக்குப் பதிலாக டேங்குக்குள் இருக்கும் மூச்சுக் குழாயை மூடி இறுகியிருப்பதுண்டு. பல மாதம் நிறுத்தி வைத்த வண்டி என்றால் அந்தக் குழாயிலிருந்து கீழே தொங்கும் டியூபின் வாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்கத் தவறாதீர்கள். அந்த அளவு துளை குளவிக்கு மிகவும் பிடிக்கும்.

மூடியைக் கழற்றி, மண்ணெண்ணெயிலோ பெட்ரோலிலோ ஊறவைத்து, மெல்லிய கம்பியால் துளையை நீவி, பிறகு கம்ப்ரசர் காற்றைத் தொலைவிலிருந்து மெதுவாக விடுங்கள். முழு அழுத்தத்தில் அடித்தால் உள்ளிருக்கும் சிறு வால்வு ரப்பர் இடம் மாறிவிடும். காய்ந்ததும் உட்பக்கத் துளையில் ஒரு சுத்தமான டியூபை வைத்து வாயால் உறிஞ்சியும் ஊதியும் பாருங்கள். காற்று உள்ளே போகும் திசையில் தடையே இருக்கக் கூடாது. வெளியே வரும் திசையில் லேசான தடை இருக்கலாம், அது வால்வு உள்ள மூடிகளில் இயல்பு. சுத்தம் செய்தும் வழி திறக்கவில்லை என்றால் அந்த வண்டிக்கே உரிய மூடியை வாங்குங்கள். ஒரே வடிவில் பொருந்துகிறது என்பதற்காக எஃப்ஐ வண்டியின் மூடியைப் பழைய வண்டிக்குப் போட்டுவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் துளையே கிடையாது, காற்று வேறு வழியாக வரும்.

ஓட்டை போடும் யோசனை ஏன் கூடாது? கோளாறு அன்றைக்கே தீர்ந்துவிடும், அதனால்தான் அது பரவலாக இருக்கிறது. ஆனால் நேராகப் போட்ட துளையில் வளைவுப் பாதை இல்லை. டேங்க் நிரம்பியிருக்கும்போது பிரேக் பிடித்தால் பெட்ரோல் தெறித்து டேங்க் மேல் வழிந்து இன்ஜினிலும் சைலன்சரிலும் விழும். வண்டி கீழே விழுந்தால் நிற்காமல் ஒழுகும். மழையில் தண்ணீர் நேராக உள்ளே இறங்கும். சூடான இன்ஜினுக்கு ஒரு சாண் மேலே பெட்ரோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அந்த மூடியின் வடிவமைப்பில் கைவைக்க எனக்கு எந்தக் காலத்திலும் சம்மதம் இல்லை.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. மூடியைச் சுற்றிப் பள்ளம் இருக்கும் டேங்குகளில், அந்தப் பள்ளத்தில் தேங்கும் மழைநீர் வடிய டேங்குக்குள்ளேயே ஒரு குழாய் ஓடி அடியில் டியூபாகத் தொங்கும். பல வண்டிகளில் மூச்சுக் குழாயும் பக்கத்திலேயே தொங்குவதால், இரண்டையும் ஒன்றென்று நினைத்து, 'ஏன் பெட்ரோல் டேங்கில் சும்மா ஒரு டியூப்' என்று ஒன்றை அடைத்துவிடுகிறார்கள். வடிகுழாய் அடைபட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். மே மாதத்து வெயிலில் டேங்க் கொதிக்கிறது, திடீரென்று கோடை மழை கொட்டுகிறது. டேங்க் சில நிமிடங்களில் குளிர்கிறது, உள்ளே ஆவி சுருங்குகிறது, வெளியிலிருந்து காற்றை இழுக்கிறது. மூடி விளிம்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றால், இழுக்கப்படுவது காற்று இல்லை, தண்ணீர். மறுநாள் காலை வண்டி கிளம்பாது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்து வரும் இந்தக் காலத்தில் இது முன்னைவிடச் சிக்கல். எத்தனால் சிறிதளவு தண்ணீரைத் தன்னோடு கரைத்துக்கொள்ளும். அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். மெயினில் நன்றாக ஓடும் வண்டி ரிசர்வுக்குத் திருப்பியதும் நிற்கிறது என்றால், அடியில் தங்கியிருக்கும் அந்தத் தண்ணீரைத்தான் ரிசர்வ் வாய் எடுக்கிறது. மேலும் எத்தனால் பழைய ரகத்து ரப்பர் டியூப்களை உப்பவைக்கும்; வெளியே பார்க்க நன்றாக இருக்கும் டியூபின் உட்துளை சுருங்கியிருக்கும். பதினைந்து வருடத்து டியூப் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள்.

இனி தம்பியின் வண்டி. இங்கே நடப்பது வெளியேற்றம். பெட்ரோல் எப்போதும் ஆவியாகிக்கொண்டிருக்கும். 37.8 டிகிரி சூட்டில் நம் ஊர் பெட்ரோலின் ஆவி அழுத்தம் ஏறத்தாழ 60 கிலோபாஸ்கல், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தில் பாதிக்கு மேல். வெயிலில் நிற்கும் கருப்பு டேங்க் இதைவிட அதிகமாகச் சூடாகும். பழைய வண்டிகள் இந்த ஆவியை நேராக வெளியே விட்டன. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎஸ் 6 புகை விதிகளில், நின்றிருக்கும் வண்டியிலிருந்து ஆவியாகும் பெட்ரோலுக்கு ஒரு சோதனைக்கு 1.5 கிராம் என்று வரம்பு இருக்கிறது. அதனால் ஆவி கேனிஸ்டர் என்ற டப்பாவுக்குள் போகிறது. அதில் நிரம்பியிருப்பது கரித்தூள் மணிகள். ஆவியை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். இன்ஜின் ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து, கேனிஸ்டரின் இன்னொரு வாய் வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து, பிடித்து வைத்த ஆவியை அள்ளிக்கொண்டு இன்ஜினுக்குப் போய் எரிகிறது. டேங்குக்கு வேண்டிய காற்றும் இதே டப்பா வழியாகத்தான் வருகிறது.

எனவே இத்தகைய வண்டிகளில் சில கிலோபாஸ்கல் அழுத்தம் எப்போதும் இருக்கலாம். வெயிலில் நின்ற பின் மூடி திறந்தால் லேசாக 'புஸ்' என்பது நோய் இல்லை. கவலைப்பட வேண்டியது வாடைதான், அதற்கு முதல் காரணம் பங்க்கில் விளிம்புவரை நிரப்புவது. டேங்க் வாய்க்குள் கீழிறங்கும் கழுத்தும், அதற்கு மேல் ஒரு காலி இடமும் வேண்டுமென்றே விடப்பட்டவை. பெட்ரோல் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து குளிர்ச்சியாக வந்த 13 லிட்டர் பெட்ரோல் வெயிலில் 20 டிகிரி சூடேறினால் கால் லிட்டர் கூடும். அந்தக் கால் லிட்டருக்கு இடமில்லை என்றால் திரவமாகவே மூச்சுக் குழாயில் இறங்கிக் கேனிஸ்டரை நனைத்துவிடும். நனைந்த கரி ஆவியைப் பிடிக்காது, காற்றையும் விடாது. அறிகுறி இப்படி இருக்கும்: டேங்க் நிரப்பிய உடனே ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், ஐடிலில் தடுமாறும், பிளக் கருக்கும், நிறுத்திய இடத்தில் வாடை அடிக்கும். லேசாக நனைந்தது என்றால் சில நாள் ஓட்டத்தில் தானே காயும். திரும்பத் திரும்ப நனைந்ததை மாற்றத்தான் வேண்டும். நாசில் முதல் முறை 'டக்' என்று நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். ரூபாய்க் கணக்கை முழுமையாக்க மேலும் இரண்டு அழுத்து அழுத்துவதுதான் கேனிஸ்டரைக் கொல்கிறது.

இங்கே ஒரு வதந்தியையும் சொல்லிவிட வேண்டும். கோடை வந்தால், டேங்க் நிரப்பினால் வண்டி வெடிக்கும், பாதிதான் போட வேண்டும் என்று இந்தியன் ஆயில் பெயரில் ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றும். அந்த நிறுவனமே அதை மறுத்திருக்கிறது. வண்டி தயாரித்தவர் சொன்ன அளவுவரை நிரப்பலாம்; விரிவதற்கான இடம் அந்த அளவுக்கு மேலேதான் இருக்கிறது.

எஃப்ஐ வண்டியிலும் உள்ளே காற்று போகாத கோளாறு வரும், ஆனால் வேறு முகத்தோடு வரும். பம்ப் சுமார் 300 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் தள்ளுவதால் 2 கிலோபாஸ்கல் குறைவுக்கெல்லாம் அது நிற்காது. இழுத்துக்கொண்டே இருக்கும், டேங்குக்குள் வெற்றிடம் ஆழமாகிக்கொண்டே போகும். பம்ப் வழக்கத்துக்கு மாறாக ஊளையிடும். குறைந்த அழுத்தத்தில் பெட்ரோல் குமிழ்விட, பம்ப் திரவத்துக்குப் பதில் ஆவியை இழுத்து, வண்டி திடீரென்று இழுவை இழக்கும். டேங்கின் பக்கத் தகடு உள்ளே அமுங்கி 'டொக்' என்று ஓசை வருவதும் உண்டு. சர்வீஸ் முடிந்து வந்த வாரத்தில் இது தொடங்கினால் காரணம் கிட்டத்தட்ட நிச்சயம்: டேங்கைத் தூக்கி ஏர் ஃபில்டர் மாற்றிவிட்டுத் திரும்ப இறக்கும்போது மூச்சு டியூப் டேங்குக்கும் பிரேமுக்கும் நடுவே நசுங்கியிருக்கிறது. இல்லையென்றால் கேனிஸ்டரின் வெளிக்காற்று வாயில் சேறு அடைத்திருக்கும். வண்டி ஆறிய பிறகு டேங்கிலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் டியூபைக் கேனிஸ்டர் முனையில் கழற்றி, சூடான பாகங்களிலிருந்து தள்ளிக் கீழ்நோக்கிக் கட்டிவிட்டு ஒரு சிறு ஓட்டம் ஓட்டிப் பார்த்தால், தவறு டப்பாவிலா டியூபிலா என்று தெரிந்துவிடும். சோதனைக்கு மட்டும்தான் இது, பிறகு திரும்ப மாட்டிவிட வேண்டும். கேனிஸ்டரையே கழற்றி எறிந்துவிட்டு, தொங்கும் டியூப் அசிங்கமாக இருக்கிறது என்று நுனியில் போல்ட் சொருகிய வண்டிகள் வரும். அவற்றில் டேங்குக்கு மூச்சே இருக்காது.

மலை ஏறுபவர்கள் மேலும் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். கீழே ஏறக்குறைய 98 கிலோபாஸ்கல் இருக்கும் காற்றழுத்தம் மேலே 77 ஆகிவிடுகிறது. மூச்சுத் துளை முழுக்க அடைந்த டேங்கோடு ஏறினால், ஆயிரம் சதுர செ.மீ. பரப்புள்ள டேங்கின் மேற்பகுதியை உள்ளிருந்து 200 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளும். மேலே மூடியைத் திறந்து மூடிவிட்டு இறங்கினால் அதே விசை வெளியிலிருந்து அமுக்கும். மேலே ஏறும்போது தொந்தரவு தராத வண்டி மலையடிவாரத்துக் கல்லாறு பக்கம் இறங்கி வரும்போது நிற்பது இதனால்தான். டேங்கில் 8 லிட்டர் காலி இடம் இருந்தால், இறங்கி முடிவதற்குள் ஒன்றரை லிட்டருக்கு மேல் காற்று உள்ளே வர வேண்டும். இறக்கத்தில் இன்ஜின் குடிக்கும் பெட்ரோலின் அளவைவிட அது அதிகம்.

லடாக் போகிறவர்களுக்கு இது இன்னும் கடுமை. 5,300 மீட்டருக்கு மேலே இருக்கும் கர்துங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். 37.8 டிகிரியில் 60 கிலோபாஸ்கல் ஆவி அழுத்தம் உள்ள பெட்ரோல், அங்கே அதற்கும் குறைந்த சூட்டிலேயே டேங்குக்குள் கொதிக்கத் தொடங்கலாம். வெளியே குளிர் நடுக்கும், ஆனால் அடியில் இன்ஜின் சூடு, மேலே நேர்வெயில். கேனில் இருந்து ஊற்றலாம் என்று மூடியைப் படக்கென்று திறந்தால் பெட்ரோல் நுரைத்து முகத்தில் பீய்ச்சும். எந்த உயரமானாலும் பழக்கம் ஒன்றாக இருக்கட்டும்: இன்ஜினை அணைத்து, சற்று ஆறவிட்டு, மூடிமேல் ஒரு துணியைப் போட்டு, முகத்தை விலக்கிக்கொண்டு, சாவியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, சத்தம் அடங்கிய பிறகு முழுக்கத் திறங்கள். சிகரெட் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

வீட்டுக்குள் வண்டியை ஏற்றி நிறுத்துபவர்களுக்கும் இது பொருந்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, மேலே போகாது, தரையோடு பரவும். இடமில்லாமல் ஹாலிலோ நடையிலோ வண்டியை விடும் வீடுகளில், பக்கத்து அறையில் கேஸ் அடுப்போ தரையில் வைத்த விளக்கோ எரிந்துகொண்டிருக்கும். வாடை வருகிற வண்டியைக் காரணம் கண்டுபிடித்துச் சரிசெய்யும்வரை ராத்திரியில் வெளியிலேயே நிறுத்துங்கள்.

உங்களுக்கான வரிசை இது: இன்றைக்கே டேங்க் கவரைக் கழற்றுங்கள், கேன் வைத்துச் சோதனையைச் செய்யுங்கள், பெட்ரோல் மெலிந்து நின்றால் மூடியை ஊறவைத்துச் சுத்தம் செய்து, அதே பைபாஸில் அதே 70-இல் அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். கார்புரேட்டரை இன்னொரு முறை தொட விடாதீர்கள். அடிக்கடி கழற்றினால் ஜெட்டின் பித்தளை வாயும் கிண்ணத்தின் வாஷரும்தான் பாழாகும். தம்பி அடுத்த இரண்டு மூன்று முறை நாசில் நின்றதும் நிறுத்தச் சொல்லிப் பார்க்கட்டும். அதற்குப் பிறகும் வாடை இருந்தால், வாரண்டி காலம் முடிவதற்குள் கேனிஸ்டரையும் பர்ஜ் வால்வையும் சோதிக்கச் சொல்லி, அதை ஜாப் கார்டில் எழுதி வாங்க வேண்டும்.